திருடிய தலைவருக்கு ஒரு பொன்னாடை

எந்தக் கூட்டத்திலும் நன்றியுரைக்கு மரியாதை கிடையாது. சிறப்புரை முடிந்த கையோடு பாதிப் பேர் செருப்பைத் தேடுவார்கள், மீதிப் பேர் டிபன் பொட்டலத்தைத் தேடுவார்கள். அமெரிக்க ஜனநாயகம் பாசிசத்தை வென்ற கதைக்கு எண்பது வருடமாக விழா நடக்கிறது. வரவேற்புரை, தலைமையுரை, வாழ்த்துரை எல்லாம் ஆயிற்று. அரசியல் சாசனத்துக்கு ஆள் உயர மாலை போட்டாயிற்று. நீதிமன்றங்களுக்கும் சுதந்திரப் பத்திரிகைகளுக்கும் கைதட்டியாயிற்று. வாக்காளப் பெருமக்களின் விவேகத்தைப் பற்றிப் பேசியவருக்குத் தொண்டையே கட்டிவிட்டது.

உண்மையில் வேலை பார்த்தவர்களின் பெயர் மட்டும் அழைப்பிதழில் இல்லை. அவர்களுக்கு நன்றி சொல்லும் பொறுப்பை நான் எடுத்துக்கொள்கிறேன். யாரும் கொடுக்கவில்லை, நானே எடுத்துக்கொண்டதுதான்.

முதல் பொன்னாடை உயர்திரு ஃபிரிட்ஸ் கூன் அவர்களுக்கு. ஜெர்மன் அமெரிக்கன் பண்ட் என்ற அமைப்பின் தலைவர். அமெரிக்காவின் ஹிட்லர் தான்தான் என்று மனதார நம்பியவர். 1939 பிப்ரவரி 20ஆம் தேதி நியூயார்க் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் சுமார் 20,000 பேரைத் திரட்டினார். மேடைக்குப் பின்னால் முப்பதடி உயர ஜார்ஜ் வாஷிங்டன் படம். படத்தின் இருபுறமும் அமெரிக்கக் கொடிகள், கூடவே ஸ்வஸ்திகா. வாஷிங்டன் பிறந்தநாள் விழா என்றுதான் நோட்டீஸ். வாஷிங்டன் இன்று உயிரோடு இருந்தால் ஹிட்லருக்கு நண்பராக இருந்திருப்பார் என்று அமைப்பின் தேசியச் செயலாளர் ஜேம்ஸ் வீலர்-ஹில் கண்டுபிடித்துச் சொன்னார். அசல் அமெரிக்கத்தனம் என்றால் என்ன என்று ஊருக்கே பாடம் எடுத்த அந்தச் செயலாளர் அமெரிக்கக் குடிமகனே அல்ல. குடிமகன் என்று பொய்ச் சத்தியம் செய்ததற்காக அடுத்த வருடம் சிறைக்குப் போனார். தேசபக்தியின் மொத்த வியாபாரிகளிடம் ரேஷன் கார்டைக் கேட்கக் கூடாது என்பது எல்லா நாட்டிலும் உள்ள நடைமுறைதான்.

ஜனாதிபதி ரூஸ்வெல்ட்டை 'ரோசன்ஃபெல்ட்' என்று யூதப் பெயரால் அழைத்துக் கூன் கிண்டலடித்தார், அரங்கம் ஆர்ப்பரித்தது. வெளியே திரண்டிருந்த எதிர்ப்பாளர்களைத் தடுத்து நிறுத்த 1,700 போலீஸ்காரர்கள். சரி, இந்த மனிதரைக் கடைசியில் வீழ்த்தியது எது? அரசியல் சாசனமா? தேர்தலா? பத்திரிகைத் தலையங்கமா? அந்தக் கூட்டத்தில் வசூலான பணத்தில் அவர் கை வைத்தார். காதலியின் வீட்டுச் சாமான்களை ஏற்றி அனுப்பிய கூலி அமைப்பின் கணக்கில் எழுதப்பட்டிருந்தது. மாவட்ட வழக்கறிஞர் தாமஸ் டியூயி அந்தக் கணக்குப் புத்தகத்தைப் பிடித்தார். அதே வருடம் டிசம்பரில் திருட்டுக்கும் கள்ளக்கணக்குக்கும் தண்டனை கிடைத்து கூன் சிங் சிங் சிறைக்குப் போனார்.

இதில் ரசிக்க வேண்டியது பண்ட் தொண்டர்களின் வாதம். தலைவர் என்று ஆன பிறகு அமைப்பின் பணமும் அவருடையதுதான், எங்கள் பணத்தை அவர் எடுத்ததில் எங்களுக்கே புகார் இல்லாதபோது அரசுக்கு என்ன வந்தது என்றார்கள். அவர்கள் வகையில் நியாயமான பேச்சு. சர்வாதிகாரியிடம் ரசீது கேட்பவன் சர்வாதிகாரத்தைப் புரிந்துகொள்ளாதவன். கூன் அவர்களே, நீங்கள் மட்டும் கை சுத்தமான மனிதராக இருந்திருந்தால் எங்கள் கதி என்ன ஆகியிருக்கும்! எங்கிருந்தாலும் வாழ்க. 1951இல் மியூனிக்கில் செத்துப்போனார் என்பதால் பொன்னாடையைத் தபாலில் அனுப்ப முடியவில்லை.

அதே இரவு, அதே மேடையில் இன்னொருவர். ஐசடோர் கிரீன்பாம், வயது 26, புரூக்ளினைச் சேர்ந்த யூதர், பிளம்பருக்குக் கையாளாக வேலை பார்த்தவர். கூன் பேசிக்கொண்டிருந்தபோது தடுப்பைத் தாண்டி மேடையில் ஏறி அவரை நோக்கிப் பாய்ந்தார். சீருடைக் காவலர்கள் கும்பலாக விழுந்து அடித்தார்கள். போலீஸ் அவரைக் காப்பாற்றித் தூக்கிக்கொண்டு போகும்போது கால்சட்டை கழன்று கிடந்தது. அன்று எடுத்த படச்சுருள் இருக்கிறது, பார்க்கலாம். அதில் அடியைவிட மறக்க முடியாதது மேடையில் நிற்கும் சீருடைச் சிறுவன் ஒருவன்தான். ஒரு மனிதனைப் போட்டு மிதிப்பதைப் பார்த்து, கையைத் தேய்த்துக்கொண்டு, சந்தோஷத்தில் குதிக்கிறான். கூனைக் கண்டு எனக்குப் பயமில்லை. அந்தப் பையனை அங்கே கூட்டி வந்து நிறுத்திய அப்பா அம்மாவைக் கண்டுதான் பயம்.

கிரீன்பாமை நீதிமன்றத்தில் நிறுத்தினார்கள். நீங்கள் செய்த காரியத்தால் அப்பாவிகள் செத்திருக்கக்கூடுமே, அது தெரியாதா என்று நீதிபதி கேட்டார். மேடையில் அவர்கள் பேசிய பேச்சால் எத்தனை யூதர்கள் சாகக்கூடும் என்பது உங்களுக்குத் தெரியாதா என்று அவர் திருப்பிக் கேட்டார். கேள்வி நன்றாக இருந்தது, ஆகவே 25 டாலர் அபராதம், கட்டாவிட்டால் பத்து நாள் ஜெயில். அந்த இரவில் அந்த மேடையில் பாசிசத்தை எதிர்த்தவருக்கு அமெரிக்க அரசு கொடுத்த பட்டயம் அந்த அபராத ரசீதுதான்.

பத்திரிகையாளர் டோரதி தாம்சனும் அன்று அங்கே இருந்தார். பேச்சைக் கேட்டுச் சத்தமாகச் சிரித்தார். சிரித்ததற்காக அவரை வெளியே அழைத்துப் போனார்கள். அவருடைய கணவர் சின்க்ளேர் லூயிஸ், அமெரிக்காவிலும் சர்வாதிகாரி வருவான் என்று 1935இலேயே ஒரு நாவல் எழுதியிருந்தார். நாவல் நன்றாக விற்றது. அமெரிக்கர்கள் எச்சரிக்கைகளை விலை கொடுத்து வாங்கிப் படிப்பவர்கள், அதில் குறை சொல்ல முடியாது.

அடுத்து கூ க்ளக்ஸ் க்ளான். 1920களின் க்ளான் ஒரு வெள்ளை இனவெறிக் கும்பல் என்று மட்டும் நினைப்பவர்கள் அதன் வியாபாரத்தைக் கவனிக்கவில்லை. எட்வர்ட் கிளார்க், எலிசபெத் டைலர் என்ற இரண்டு விளம்பர முகவர்கள்தான் அதைத் தூக்கி நிறுத்தினார்கள். உறுப்பினர் கட்டணம் 10 டாலர். ஆள் பிடித்துக் கொடுத்தவருக்கு அதில் 4 டாலர். மீதி மேலே மேலே போகப் பங்கு பங்காகப் பிரியும். வெள்ளை அங்கி தனி விலை, வீட்டில் தைத்துக்கொள்ள அனுமதி இல்லை. பக்கத்து வீட்டுக்காரனை வெறுக்கக் கட்டணம் வசூலித்த இந்தச் சங்கிலி வியாபாரத்தில் நாடு முழுவதும் லட்சக்கணக்கானவர்கள் சேர்ந்தார்கள். பாதிரியார், பல் டாக்டர், கவுன்சிலர், ஸ்கூல் வாத்தியார், எல்லோரும் கட்டணம் கட்டிய கனவான்கள். 1925 ஆகஸ்டில் முகத்தைக்கூட மூடாமல் தலைநகர் வாஷிங்டனின் பெரிய சாலையில் பல்லாயிரம் பேர் அணிவகுத்துப் போனார்கள்.

இந்தியானா மாநிலத்தில் மட்டும் சுமார் இரண்டரை லட்சம் உறுப்பினர்கள். அவர்களுக்குத் தலைவர் டி.சி. ஸ்டீஃபன்சன். கவர்னர் எட் ஜாக்சன் அவர் சொன்ன ஆள். இந்த மாநிலத்தில் சட்டம் என்றால் நான்தான் என்பது அவர் பேச்சு. அதில் பொய்யும் இல்லை. பெண்களின் கற்பையும் மதுவிலக்கையும் காக்க வந்த இந்த மகான், மாநில அரசில் வேலை பார்த்த மேட்ஜ் ஓபர்ஹோல்ட்சர் என்ற இளம்பெண்ணை 1925 மார்ச்சில் கடத்தி, ரயிலில் வைத்துச் சிதைத்தார். அந்தப் பெண் விஷம் சாப்பிட்டார். சாவதற்குமுன், நடந்தது அனைத்தையும் படுக்கையில் இருந்தபடி சொல்லி எழுதவைத்துக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். அந்த வாக்குமூலம் ஸ்டீஃபன்சனுக்கு ஆயுள் தண்டனை வாங்கிக் கொடுத்தது. கவர்னர் மன்னிப்புக் கொடுப்பார் என்று ஸ்டீஃபன்சன் காத்திருந்தார். வரவில்லை என்றதும் லஞ்சம் வாங்கியவர்களின் பட்டியலை எடுத்து வெளியே விட்டார். இண்டியானாபொலிஸ் மேயர் உள்ளே போனார். கவர்னரின் வழக்கு காலம் கடந்துவிட்டது என்று தள்ளுபடியானது. சில வருடங்களில் இந்தியானா க்ளான் கரைந்தது.

ஸ்டீஃபன்சனுக்குப் பொன்னாடை போர்த்த எனக்குக் கை வரவில்லை. அந்தப் பெண்ணுக்குப் போர்த்துவதும் கேவலம். இரண்டரை லட்சம் ஆண்கள் பல வருடம் பார்த்தும் பார்க்காமல் இருந்ததை, சாகக் கிடந்த ஒரு பெண் ஒரு வாக்குமூலத்தில் சொல்ல வேண்டியிருந்தது. ஜனநாயகத்தைக் காப்பாற்றுவது அவ்வளவு மலிவாக முடிந்தது என்று நினைத்துக் கைதட்டுபவர்கள் கொஞ்சம் கையைக் கீழே வையுங்கள்.

வில்லியம் டட்லி பெல்லியைப் பற்றிச் சுருக்கமாக. ஹாலிவுட் கதாசிரியர். ஏழு நிமிடம் செத்துச் சொர்க்கத்துக்குப் போய்விட்டுத் திரும்பினேன் என்று கட்டுரை எழுதிப் பேரானவர். ஹிட்லர் பதவிக்கு வந்ததும் 'வெள்ளிச் சட்டைகள்' என்று ஒரு படை தொடங்கினார். இவர்மீதும் முதலில் பாய்ந்தது பங்கு விற்பனை மோசடி வழக்கு. 1936இல் ஜனாதிபதித் தேர்தலில் நின்று இரண்டாயிரம் ஓட்டுக்கூட வாங்கவில்லை. சொர்க்கத்தில் ஓட்டுரிமை இல்லாததால் வந்த தோல்வி.

வெள்ளி என்றதும் இன்னொரு பெரியவர் ஞாபகம் வருகிறார், பாதர் சார்லஸ் காக்லின். மிச்சிகன் மாநிலத்தின் ராயல் ஓக் தேவாலயத்திலிருந்து ரேடியோவில் பேசியவர். கேட்டவர்கள் மூன்று கோடி இருக்கலாம் என்பது அன்றைய மதிப்பீடு. வரும் கடிதங்களைப் பிரித்துப் பார்க்கவே ஒரு குமாஸ்தாப் படை தேவைப்பட்டது, பெரும்பாலான கடிதங்களில் ஏழைகளின் ஒற்றை டாலர் நோட்டு இருந்ததுதான் காரணம். பாங்குக்காரர்களைத் திட்டினார், ஏழைகளின் துயர் தீர வெள்ளியை நாணயமாக்க வேண்டும் என்று ஞாயிறுதோறும் பிரசங்கித்தார். 1934இல் வெள்ளி பதுக்கியவர்களின் பட்டியலை நிதித்துறை வெளியிட்டது. மிச்சிகனில் முதலிடம் பாதரின் காரியதரிசி அம்மையாருக்கு, ரேடியோ சங்கத்தின் பேரில் ஐந்து லட்சம் அவுன்ஸ். மக்கள் கோபப்பட்டார்களா? இல்லை. டாலர் நோட்டு தொடர்ந்து வந்தது.

1938 நவம்பரில் ஜெர்மனியில் யூதக் கடைகளையும் ஜெபக்கூடங்களையும் எரித்தார்கள். அந்த மாதமே பாதர் ரேடியோவில் அதற்குச் சப்பைக்கட்டு கட்டினார். அவருடைய சீடர்கள் நியூயார்க் தெருக்களில் யூதர்களை அடித்தார்கள். வருடக்கணக்கில் அவரிடம் காசு வாங்கி நேரம் விற்ற ரேடியோ கம்பெனிகளுக்கு அதன் பிறகுதான் கண் திறந்தது. 1942இல் அவருடைய பேராயர் ஒரு கட்டளை போட்டார், அரசியல் பேசக் கூடாது என்று. அன்றோடு பாதர் வாயை மூடினார். மூன்று கோடி பேரை ஆட்டிவைத்தவரைக் காங்கிரசோ கோர்ட்டோ அடக்கவில்லை, அவருக்குத் திருச்சபையில் மேலதிகாரி ஒருவர் இருந்தார். அடுத்த முறை இப்படி ஒருவர் கிளம்பும்போது அவருக்குப் பேராயர் இல்லாவிட்டால் என்ன செய்வது என்று யாராவது யோசித்தார்களா?

பணக்காரர்கள் மேடை போடுவதில்லை, ஆள் அனுப்புவார்கள். 1933இல் ஜெரால்ட் மக்கைர் என்ற பத்திர வியாபாரி ஓய்வுபெற்ற மரீன் மேஜர் ஜெனரல் ஸ்மெட்லி பட்லரைத் தேடி வந்தார். ஐந்து லட்சம் முன்னாள் படைவீரர்களைத் திரட்டி வாஷிங்டனுக்கு நடத்திப்போய் ரூஸ்வெல்ட்டை வெறும் பொம்மையாக உட்கார வைக்கலாம், பணத்துக்குக் குறைவில்லை என்று படிப்படியாகப் பேச்சு வளர்ந்ததாக 1934 நவம்பரில் பட்லர் காங்கிரஸ் கமிட்டி முன்னால் சாட்சி சொன்னார். பத்திரிகைகள் சிரித்தன. நியூயார்க் டைம்ஸ் அதைப் பெரிய புரளி என்றது. கமிட்டியோ, இப்படி ஒரு முயற்சி பேசப்பட்டது, திட்டமிடப்பட்டது என்பதில் சந்தேகமில்லை என்று அறிக்கை கொடுத்தது. கொடுத்துவிட்டு, வெளியிட்ட சாட்சியத்திலிருந்து பெரிய மனிதர்களின் பெயர்களை வெட்டி எடுத்தது. ஒருவர்மீதும் வழக்கில்லை. பட்லருக்கு மட்டும் மனமாரப் பொன்னாடை. வந்தவன் அவரைவிட்டு வேறு ஜெனரல் வீட்டுக் கதவைத் தட்டியிருந்தால் என்ற கேள்வியைச் சரித்திர ஆசிரியர்கள் எழுப்புவதில்லை, தூக்கம் கெடும்.

(அந்தக் கமிட்டியின் துணைத் தலைவர் சாமுவேல் டிக்ஸ்டைன். நாஜிகளைத் துருவித் துருவித் தேடியவர். பின்னாளில் சோவியத் உளவுத்துறையிடம் மாதச் சம்பளம் வாங்கியது மாஸ்கோ ஆவணங்களில் வெளிவந்தது. கேட்ட சம்பளம் அதிகம் என்பதால் உளவுத்துறை அவருக்கு வைத்த சங்கேதப் பெயர் 'அயோக்கியன்'.)

காங்கிரஸ் உறுப்பினர்களுக்குத் தபால் செலவு இலவசம். ஜெர்மனியின் சம்பளம் வாங்கிய ஜார்ஜ் சில்வெஸ்டர் விரெக் என்பவர் நாஜிகளுக்குச் சாதகமான பேச்சை உறுப்பினர்கள் வாயால் சபையில் பேசவைத்து, அச்சடித்து, அதே இலவசத் தபாலில் வீடு வீடாக அனுப்பவைத்தார். ஹிட்லரின் பிரசாரத்துக்கு அமெரிக்க வரிசெலுத்துவோர் தபால்தலை ஒட்டினார்கள். விஷயம் வெடித்தபோது ஹாமில்டன் ஃபிஷ் என்ற உறுப்பினரின் அலுவலகக் குமாஸ்தா ஜெயிலுக்குப் போனார். உறுப்பினர் சபைக்குப் போனார்.

'அமெரிக்கா முதலில்' கமிட்டியில் எட்டு லட்சம் பேர் இருந்ததாகச் சொல்வார்கள். எல்லோரும் பாசிஸ்ட்டுகள் அல்ல, மகனைப் போருக்கு அனுப்ப விரும்பாத தாய்மார்களும் இருந்தார்கள். ஆனால் அவர்களுடைய நட்சத்திரப் பேச்சாளர் விமானி சார்லஸ் லிண்ட்பெர்க். அதற்கு மூன்று வருடத்துக்குமுன் ஹிட்லரின் சகா கோரிங் கையால் நாஜிப் பதக்கம் வாங்கியவர், 1941 செப்டம்பரில் அயோவா மாநிலத்தில் பேசும்போது நாட்டைப் போருக்குத் தள்ளுபவர்களின் வரிசையில் யூதர்களைப் பெயர் சொல்லிச் சேர்த்தார். இந்தக் கமிட்டியைக் கலைத்ததற்கு நன்றி யாருக்கு? ஜப்பானியக் கடற்படைக்கு. டிசம்பர் 7 பேர்ல் ஹார்பர், அடுத்த சில நாட்களில் கமிட்டி கடையை மூடியது. டிசம்பர் 11ஆம் தேதி ஹிட்லரே அமெரிக்காமீது போர் அறிவித்து, அங்கிருந்த தன் ரசிகர்கள் அனைவரையும் ஒரே நாளில் தேசத்துரோகிகளாக்கினார். ஹிட்லருக்கும் ஒரு பொன்னாடை எடுத்து வையுங்கள். மிச்சம் பிடித்தால் பாவம்.

போர் வந்த பிறகாவது சட்டம் வேலை செய்ததா? 1944இல் சுமார் முப்பது பேர்மீது ராஜத்துரோக வழக்கு நடந்தது. மாதக்கணக்கில் குற்றவாளிக் கூண்டிலிருந்து கூச்சல், வழக்கறிஞர்களிடமிருந்து ஆட்சேபம். நவம்பர் கடைசியில் நீதிபதி எட்வர்ட் ஐக்கர் தூக்கத்தில் இறந்துபோனார். விசாரணை செல்லாது என்றானது. 1946இல் வழக்கே போயிற்று. அரசு வழக்கறிஞர் ஜான் ராக்கி ஜெர்மனிக்குப் போய் நாஜி ஆவணங்களைத் தோண்டி, எந்தெந்த அமெரிக்க அரசியல்வாதிக்குத் தொடர்பு என்று எழுதிக்கொண்டு வந்தார். அதைப் பற்றி மேடையில் பேசினார் என்று அவரை வேலையை விட்டு நீக்கினார்கள். அறிக்கை புத்தகமாக வர 1961 ஆயிற்று.

அந்த விசாரணை கலைந்த அதே டிசம்பரில், அதே வாஷிங்டனில், உச்ச நீதிமன்றம் கொரேமாட்சு வழக்கில் தீர்ப்புச் சொன்னது. ஜப்பானிய வம்சாவளி மக்களை வீட்டைவிட்டு வெளியேற்றியது செல்லும் என்றது. சுமார் 1,20,000 பேரை, பெரும்பாலும் அமெரிக்கக் குடிமக்களை, முள்வேலிக்குள் அடைத்த ஆணை அது. கையெழுத்துப் போட்டவர் ரூஸ்வெல்ட், பாசிசத்தை எதிர்த்து உலகப்போர் நடத்திக்கொண்டிருந்த அதே ரூஸ்வெல்ட். ஹிட்லருக்கு ஜே போட்டவர்கள் வீட்டுக்குப் போய்க் குளித்துச் சாப்பிட்டார்கள். கலிஃபோர்னியாவில் ஸ்ட்ராபெர்ரி பயிரிட்டவர்கள் பாலைவனக் கொட்டகையில் வரிசையில் நின்றார்கள். நீதிமன்றத்துக்கு மாலை போட்டவர் யார், தயவுசெய்து அதை வாங்கிக்கொள்ளுங்கள்.

ஆக, திருடன், காமுகன், மோசடிக்காரன், பேராயர், ஜப்பானிய விமானம், நீதிபதியின் மாரடைப்பு. இவர்கள் கூட்டணி அமைத்துக் காப்பாற்றிய ஜனநாயகம் இது. கணக்கை ஒழுங்காக வைத்துக்கொண்ட பாசிஸ்ட்டுகள் அமெரிக்காவில் இருந்ததே இல்லையா? இருந்தார்கள். அவர்கள் ஜெயித்தார்கள்.

வட கரோலினாவின் வில்மிங்டன். கறுப்பர்களும் வெள்ளை ஏழை விவசாயிகளும் கைகோத்துத் தேர்தலில் வென்று நகரத்தை ஆண்டுகொண்டிருந்தார்கள். 1898 நவம்பர் 10ஆம் தேதி காலை, முன்னாள் காங்கிரஸ் உறுப்பினர் ஆல்ஃபிரட் வாடெல் தலைமையில் துப்பாக்கி ஏந்திய கூட்டம் அலெக்ஸ் மான்லி என்ற கறுப்பரின் பத்திரிகை அலுவலகத்துக்கு நடந்து போய் அதை எரித்தது. எரித்துவிட்டு ஓடவில்லை. கருகிய கட்டடத்தின் முன்னால் துப்பாக்கியோடு வரிசையாக நின்று, போட்டோகிராபரைப் பார்த்து நிதானமாகப் படம் எடுத்துக்கொண்டார்கள். கல்யாண வீட்டில் நிற்பதுபோல நிற்கிறார்கள். அன்று கொல்லப்பட்ட கறுப்பர்களின் எண்ணிக்கையை யாரும் சரியாக எழுதி வைக்கவில்லை, எழுதும் நிலையில் இருந்தவர்கள் சுட்டவர்கள். உயிர் தப்பியவர்கள் குழந்தைகளோடு சதுப்புக்காட்டில் இரவைக் கழித்தார்கள்.

மத்தியானம் நடந்ததுதான் எனக்கு இன்னும் வயிற்றைப் பிசைகிறது. நகரசபைக்குப் போனார்கள். உறுப்பினர்களை ஒட்டுமொத்தமாகத் துரத்தவில்லை. ஒருவர் ராஜினாமா செய்வார், மீதி உள்ளவர்கள் அவர் இடத்துக்குப் புதியவரை முறையாகத் தேர்ந்தெடுப்பார்கள். பிறகு அடுத்தவர் ராஜினாமா. வாசலில் துப்பாக்கி, உள்ளே சட்டப்படி தீர்மானம். பொழுது சாயும்போது வாடெல் மேயர். ஒரு சல்லிக்காசுகூடத் திருடவில்லை, கணக்கு சுத்தம். ஜனாதிபதி மெக்கின்லி ஒரு விரலையும் அசைக்கவில்லை. யார்மீதும் வழக்கில்லை. தன் பத்திரிகையில் மாதக்கணக்கில் கேலிச்சித்திரம் போட்டு இந்த வெறியை ஊதிவிட்ட ஜோசஃபஸ் டேனியல்ஸ் பிற்பாடு நாட்டின் கடற்படைச் செயலராகவும் மெக்சிகோ தூதராகவும் உயர்ந்தார். 1896இல் வட கரோலினாவில் 1,26,000 கறுப்பு வாக்காளர்கள் பட்டியலில் இருந்தார்கள். 1902இல் 6,100 பேர். அந்த நிலை உடைய 1965இன் வாக்குரிமைச் சட்டம் வரவேண்டியிருந்தது. பாசிசம் அமெரிக்காவுக்கு வரவே இல்லை என்பவர்கள் வாசலையே பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள், அது எப்போதோ கூடத்தில் இலை போட்டு உட்கார்ந்துவிட்டது.

விருந்தாளிகளும் வந்தார்கள். ஹைன்ரிஷ் கிரீகர் என்ற ஜெர்மன் சட்ட மாணவர் ஆர்கன்சா பல்கலைக்கழகத்தில் படித்துவிட்டு, அமெரிக்க இனச் சட்டங்களைக் குறிப்பெடுத்துக்கொண்டு ஊர் திரும்பினார். 1934 ஜூன் 5ஆம் தேதி பெர்லினில் நீதி அமைச்சர் குர்ட்னர் தலைமையில் நாஜி வழக்கறிஞர்கள் கூடி, யூதர்களுக்கு எதிராக எப்படிச் சட்டம் எழுதலாம் என்று ஆலோசித்தபோது, எடுத்தவுடன் மேஜைக்கு வந்தது அமெரிக்க மாநிலங்களின் கலப்புத் திருமணத் தடைச் சட்டங்கள். ஒரு சொட்டு கறுப்பு ரத்தம் இருந்தாலும் கறுப்பர் என்ற அமெரிக்க விதி அளவுக்குப் போக நாஜிகளுக்கே மனம் வரவில்லை. ஏற்றுமதிச் சரக்கின் வீரியம் வாங்கியவனையே தயங்கவைத்திருக்கிறது.

நிஜமாகவே அரசு பாசிசத்தை அடித்து நொறுக்கிய சந்தர்ப்பம் ஒன்று உண்டு. அதை விழா மேடையில் யாரும் சொல்வதில்லை, சொன்னால் இன்றைக்கும் செய்யச் சொல்லிக் கேட்பார்களே. உள்நாட்டுப் போருக்குப் பிறகு முதல் க்ளான் கறுப்பு வாக்காளர்களைக் கொன்று குவித்தபோது, ஜனாதிபதி கிராண்ட் 1871இல் க்ளான் சட்டம் கொண்டுவந்தார். தென் கரோலினாவின் ஒன்பது மாவட்டங்களுக்குப் படை போனது. நூற்றுக்கணக்கில் கைது. கறுப்பர்களும் உட்கார்ந்த ஜூரி முன்னால் வெள்ளை முதலாளிமார் நின்றார்கள். ராத்திரிச் சூரர்கள் பகலில் ஊரைவிட்டு ஓடினார்கள். வழக்கு நடத்திய அட்டர்னி ஜெனரல் ஏமோஸ் ஏக்கர்மன் சீக்கிரமே பதவியிலிருந்து அனுப்பப்பட்டார். 1873இல் கிராண்ட் அரசே மன்னிப்புகளைக் கொடுக்கத் தொடங்கியது. அந்த வருட ஈஸ்டர் ஞாயிறன்று லூசியானாவின் கோல்ஃபாக்சில் கறுப்பர்களைச் சுட்டுக் குவித்தார்கள், பலரைச் சரணடைந்த பிறகு. தண்டனை பெற்ற மூவரையும் 1876இல் உச்ச நீதிமன்றம் விடுவித்தது. அடுத்த வருடம் தென் மாநிலங்களிலிருந்து படை விலகியது. வில்மிங்டனுக்கு வழி அங்கே போடப்பட்டது.

சட்டத்தைக் கடுமையாக்கினால் போதும் என்று முஷ்டியை உயர்த்துபவர்களுக்கு ஒரு தகவல். 1940இல் அரசைக் கவிழ்க்கப் பேசுவதே குற்றம் என்று ஸ்மித் சட்டம் வந்தது. ஐரோப்பாவில் ஹிட்லர் பாரிசைப் பிடித்துக்கொண்டிருந்த மாதம் அது. முதல் பெரிய வழக்கு யார்மீது? கம்யூனிஸ்ட் கட்சிக்கு ஆகாத, மினியாபொலிஸ் லாரித் தொழிலாளர் சங்கத்து ட்ராட்ஸ்கியவாதிகள்மீது. கம்யூனிஸ்ட் கட்சி கைதட்டியது. 1949இல் அதே சட்டத்தில் கம்யூனிஸ்ட் தலைவர்கள் பதினொரு பேருக்குத் தண்டனை. கைதட்டிய சத்தம் அடங்க எட்டு வருடம்.

கடைசியாக ஒரு புதுக் கணக்கு. 2021 ஜனவரி 6ஆம் தேதி, டிரம்ப் தோற்ற தேர்தலின் முடிவைத் தடுக்க நாடாளுமன்றக் கட்டடத்துக்குள் புகுந்தவர்கள் விஷயத்தில், ஆச்சரியமாக, எல்லாம் பாடப்புத்தகத்தில் எழுதியபடி நடந்தது. சுமார் 140 போலீஸ்காரர்கள் அடிபட்ட நாள் அது. விசாரணை நடந்தது, ஜூரி கேட்டது, இந்த முறை நீதிபதி யாரும் தூக்கத்தில் சாகவில்லை. ராஜத்துரோகச் சதி என்ற குற்றமே நிரூபணமாகி, ஓத் கீப்பர்ஸ் என்ற தீவிர வலதுசாரிக் குழுவின் தலைவர் ஸ்டூவர்ட் ரோட்ஸுக்கு 18 வருடமும் அதே வகைக் குழுவான ப்ரௌட் பாய்ஸின் தலைவர் என்ரிக்கே டாரியோவுக்கு 22 வருடமும் சிறை. 1944இல் முடியாதது 2023இல் முடிந்தது. 2025 ஜனவரி 20ஆம் தேதி, பதவியேற்ற அன்றே, டொனால்ட் டிரம்ப் சுமார் 1,500 பேருக்கு மன்னிப்பு வழங்கினார். டாரியோவுக்கு முழு மன்னிப்பு. ரோட்ஸுக்குத் தண்டனை குறைப்பு. இருவரும் மறுநாளுக்குள் வெளியே. ஒரு பேனா, ஒரு கையெழுத்து, அதுவும் சாசனம் கொடுத்த அதிகாரத்தில்.

அதோடு முடியவில்லை. அதே வருடம் ஜூன் மாதம் டாரியோவும் கூட்டாளிகளும், தங்கள் உரிமை மீறப்பட்டது என்று சொல்லி அரசிடம் 10 கோடி டாலர் நஷ்டஈடு கேட்டு வழக்குப் போட்டார்கள். அமைப்பின் உண்டியலில் கையை விட்டு மாட்டிக்கொள்ளும் காலம் போய்விட்டது. இப்போது நேரே கஜானாவுக்கே மனு, முறைப்படி, வக்கீல் வைத்து. பாவிகள், கணக்கு எழுதக் கற்றுக்கொண்டுவிட்டார்கள்.